எமிரேட்ஸ் அரங்கில் இல்லாத ஆடுகளம்: கிர்ஸ்டி கில்மோரும் கிளாஸ்கோ 2026ம்

2024 அக்டோபரில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடக்கும் 2026 காமன்வெல்த் போட்டிக்கான விளையாட்டுப் பட்டியல் வெளியானது. மொத்தம் 10 விளையாட்டுகள்தான். ஹாக்கி இல்லை, மல்யுத்தம் இல்லை, டேபிள் டென்னிஸ் இல்லை, ஸ்குவாஷ் இல்லை, பேட்மிண்டனும் இல்லை. இந்தியாவுக்கு எத்தனை பதக்கம் போச்சு என்ற கணக்கைத்தான் நம் ஊரில் உடனே போட்டார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பட்டியலால் சொந்த ஊரிலேயே ஆட முடியாமல் போன ஒருவர் இருக்கிறார். ஸ்காட்லாந்தின் பேட்மிண்டன் வீராங்கனை கிர்ஸ்டி கில்மோர். அதே கிளாஸ்கோவில் 2014ல் வெள்ளி வாங்கியவர்.

அவரைப் பற்றித் தேடுகிறவர்களுக்குச் சில குழப்பங்கள் வரும். ஒரு இடத்தில் ஸ்காட்லாந்து என்று இருக்கும், இன்னொரு இடத்தில் பிரிட்டன் என்று இருக்கும். ஐரோப்பிய அளவில் திரும்பத் திரும்ப வெள்ளி, ஒலிம்பிக்கில் ஒன்றும் இல்லை. சொந்த நாட்டில் பல முறை சாம்பியன், வெளியே போனால் அரையிறுதிகளும் கால் இறுதிகளும். இவர் பெரிய ஆட்டக்காரரா, இல்லையா? பதக்கப் பட்டியலை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்தப் பதக்கங்கள் எந்த விதிகளின் கீழ் கிடைத்தன, எந்த விதிகளால் கைநழுவின என்று தெரிந்தால்தான் விளங்கும்.

ஒருவருக்கு இரண்டு கொடி

முதலில் கொடியைப் பார்ப்போம். கில்மோர் 1993 செப்டம்பர் 21 அன்று கிளாஸ்கோவுக்குத் தென்கிழக்கே உள்ள பெல்ஸ்ஹில்லில் பிறந்தவர். குடியுரிமை பிரிட்டனுடையது. ஆனால் விளையாட்டில் பிரிட்டன் என்பது சில இடங்களில் ஒரே நாடு, சில இடங்களில் தனித்தனி நாடுகள்.

1. உலக சாம்பியன்ஷிப், ஐரோப்பிய சாம்பியன்ஷிப், ஊபர் கோப்பை (பெண்கள் அணிகளுக்கான உலகப் போட்டி), காமன்வெல்த் போட்டி, வருடம் முழுவதும் நடக்கும் உலகச் சுற்றுப் போட்டிகள்: இங்கெல்லாம் ஸ்காட்லாந்து தனி. இங்கிலாந்தும் வேல்ஸும் எதிர் அணிகள்.

2. ஒலிம்பிக், ஐரோப்பிய விளையாட்டுப் போட்டி: இங்கே எல்லாரும் சேர்ந்து பிரிட்டன். ஒலிம்பிக் குழு ஒன்றுதான் என்பதால் இடங்களும் ஒரே கணக்கில்தான் வரும்.

வருடம் முழுக்க எதிரியாக ஆடும் இங்கிலாந்து வீராங்கனைகளோடு, நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஒரே இடத்துக்காகவும் கில்மோர் போட்டி போட வேண்டும். ஒலிம்பிக் ஒற்றையரில் ஒரு நாட்டுக்கு வழக்கமாக ஒரு இடம்தான். தரவரிசையில் முதல் 16க்குள் இருவர் இருந்தால் மட்டுமே இரண்டாவது இடம் கிடைக்கும். ரியோ 2016, டோக்கியோ, பாரிஸ் 2024 என்று மூன்று ஒலிம்பிக்கிலும் பிரிட்டனின் அந்த இடம் கில்மோருக்குத்தான் போனது. பதக்கப் பட்டியலில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது. எட்டு வருடம் தன் நாட்டின் முதல் இடத்தை விடாமல் பிடித்து வைத்திருந்தது எனக்கு எந்தப் பதக்கத்துக்கும் குறைவாகத் தெரியவில்லை.

ஸ்காட்லாந்து என்ற பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு, பல விளையாட்டுகள் கூடும் ஒரு பெரிய மேடையில், சொந்த நாட்டு மக்கள் எல்லாரும் தொலைக்காட்சியில் பார்க்க அவர் ஆடக்கூடிய ஒரே இடம் காமன்வெல்த் போட்டி. 2022ல் பர்மிங்ஹாம் தொடக்க விழாவில் ஸ்காட்லாந்து கொடியைப் பாரா பளுதூக்கும் வீரர் மிக்கி யூலோடு சேர்ந்து ஏந்தி வந்தவர் கில்மோர்தான்.

மூன்று காமன்வெல்த், மூன்று விதமான முடிவு

2014ல் கிளாஸ்கோவில் அவருக்கு வயது 20. நகரின் கிழக்கே, செல்டிக் கால்பந்து மைதானத்துக்கு எதிரே இருக்கும் எமிரேட்ஸ் அரங்கில் போட்டி. அரையிறுதியில் மலேசியாவின் டீ ஜிங் யீயை வென்றார். மறுபக்க அரையிறுதியில் கனடாவின் மிஷெல் லீ, நம் பி.வி. சிந்துவை வீழ்த்தியிருந்தார். இறுதியில் லீ 21-14, 21-7 என்று வென்றார். சிந்துவுக்கு வெண்கலம், கில்மோருக்கு வெள்ளி. ஸ்காட்லாந்துக்கு 2006 மெல்போர்னில் பெண்கள் ஒற்றையரில் சூசன் ஹியூஸ் வெண்கலம் வாங்கியிருந்தார். கில்மோர் அதற்கு ஒரு படி மேலே போனார்.

2018 கோல்ட் கோஸ்ட்டில் அரையிறுதியில் சாய்னா நேவாலிடம் 14-21, 21-18, 17-21 என்று தோற்றார். அப்புறம் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அதே மிஷெல் லீயை வென்று பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டார். 2022ல் பர்மிங்ஹாமில் அரையிறுதியில் மறுபடியும் லீ குறுக்கே வந்தார். வெண்கல ஆட்டத்தில் சிங்கப்பூரின் யோ ஜியா மின்னிடம் தோற்று நான்காம் இடம்.

இங்கே ஒரு விதியைக் கவனிக்க வேண்டும், பலர் இதைத் தவறவிடுகிறார்கள். உலக சாம்பியன்ஷிப்பிலும் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பிலும் அரையிறுதியில் தோற்கும் இருவருக்குமே வெண்கலம் உண்டு. காமன்வெல்த்திலும் ஒலிம்பிக்கிலும் அவர்கள் இன்னொரு ஆட்டம் ஆட வேண்டும், அதில் தோற்றால் கை வெறுமைதான். 2022ல் கில்மோர் எட்டிய அதே கட்டத்தை ஐரோப்பியப் போட்டியில் எட்டியிருந்தால் வெண்கலத்தோடு வீடு திரும்பியிருப்பார். அதனால் இரண்டு வீரர்களின் பதக்க எண்ணிக்கையை ஒப்பிடுகிறவர்கள், எந்தப் போட்டியின் பதக்கம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

2017: ஒரு ஆட்டம் தள்ளி நின்ற உலகப் பதக்கம்

கில்மோரின் ஆட்ட வாழ்க்கையில் ஒரே ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் 2014 வெள்ளியைச் சொல்ல மாட்டேன். 2017 ஆகஸ்ட் 25ஐச் சொல்வேன்.

அந்த வருடம் உலக சாம்பியன்ஷிப் நடந்ததும் கிளாஸ்கோவில், அதே எமிரேட்ஸ் அரங்கில். சிந்துவும் ஜப்பானின் நொசோமி ஒகுஹாராவும் 110 நிமிடம் ஆடிய இறுதிப் போட்டி என்று சொன்னால் நம்மில் பலருக்கு நினைவு வரும். அந்த வாரத்தில் கில்மோர் கால் இறுதி வரை வந்தார். எதிரே சாய்னா. மேலே சொன்ன விதிப்படி, அந்த ஆட்டத்தை வென்றாலே வெண்கலம் உறுதி. உள்ளூர்க் கூட்டம் முழுவதும் கில்மோர் பக்கம். முதல் கேமில் 19-21 என்று இழந்தார், இரண்டாவதை 21-18 என்று எடுத்தார், மூன்றாவதில் 15-21. பதக்கம் சாய்னாவுக்குப் போனது.

மூன்று கேம் போனால் யார் பக்கமும் சாயலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். 21 புள்ளி முறையில் ஒவ்வொரு ரேலிக்கும் (சர்வீஸ் முதல் இறகுப்பந்து விழும் வரை) ஒரு புள்ளி, யார் சர்வீஸ் போட்டாலும் சரி. 11 புள்ளி வந்ததும் ஒரு சிறு இடைவேளை. மூன்றாவது கேமில் அந்த 11ல் இரண்டு பேரும் பக்கம் மாறுவார்கள். அந்த நேரத்தில் கால்களில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் ஆட்டத்தை முடிவு செய்யும். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற ஒருவரை அந்த இடம் வரை இழுத்துக்கொண்டு போனவர் கில்மோர். எட்டு மாதம் கழித்து கோல்ட் கோஸ்ட்டில் மறுபடியும் அதே சாய்னா, மறுபடியும் மூன்று கேம்.

ஐரோப்பாவில் மரின் என்ற சுவர்

2016ல் பிரான்சின் லா ரோஷ் சூர் யோன், 2017ல் டென்மார்க்கின் கோல்டிங், 2022ல் மாட்ரிட். இந்த மூன்று ஐரோப்பிய இறுதிகளிலும் கில்மோரை வென்றவர் ஒரே ஆள், ஸ்பெயினின் கரோலினா மரின்.

மரின் 2014, 2015, 2018ல் உலக சாம்பியன், 2016ல் ஒலிம்பிக் சாம்பியன். ஐரோப்பியப் பட்டத்தை 2014 முதல் 2024 வரை ஏழு முறை வென்றவர். சீனா, ஜப்பான், கொரியா, தாய்லாந்து, இந்தியா என்று ஆசியாவே ஆண்டுவந்த பெண்கள் ஒற்றையரில் ஐரோப்பாவிலிருந்து அப்படி ஒருவர் வந்தது அபூர்வம். அந்த அபூர்வம் கில்மோரின் வயதுக்காரியாகவே வந்து நின்றது. மரினும் 1993ல் பிறந்தவர்தான்.

2019ல் மின்ஸ்க்கில் நடந்த ஐரோப்பிய விளையாட்டுப் போட்டியில் மரின் ஆடவில்லை. அந்த வருடத் தொடக்கத்தில் முழங்காலில் பலத்த காயம்பட்டு அறுவை சிகிச்சை செய்திருந்தார். பிரிட்டன் சட்டையில் கில்மோர் இறுதிக்கு வந்தார். டென்மார்க்கின் மியா பிளிக்ஃபெல்ட் தங்கத்தை எடுத்துக்கொண்டார்.

டென்மார்க் என்றதும் ஒரு ஒப்பீடு தேவைப்படுகிறது. ஸ்காட்லாந்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 55 லட்சம், டென்மார்க்குடையது ஏறக்குறைய 60 லட்சம். அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் டென்மார்க்கில் ஊருக்கு ஊர் பேட்மிண்டன் கிளப் உண்டு, கிளப்புகளுக்கு இடையே லீக் உண்டு. 1996ல் பால் எரிக் ஹோயர் லார்சன் ஒலிம்பிக் தங்கம் வென்றார், டோக்கியோவிலும் பாரிஸிலும் விக்டர் ஆக்செல்சன் வென்றார். அங்கே ஒரு பெண் தினமும் பயிற்சிக்குப் போனால் தன்னைவிடத் திறமையான நான்கைந்து பேரோடு ஆடலாம். கில்மோர் தன் நாட்டில் பல வருடமாக முதல் இடத்தில் இருந்தவர். பயிற்சியில் அவரைத் தோற்கடிக்கக்கூடிய இன்னொரு ஸ்காட்லாந்துப் பெண் கிடைப்பது அரிது. சொந்த நாட்டில் சாம்பியனாக இருப்பதில் இப்படி ஒரு கஷ்டமும் இருக்கிறது.

தரவரிசை எப்படி ஓடுகிறது

ஒற்றையர் உலகத் தரவரிசையில் கடந்த 52 வாரங்களில் ஆடிய போட்டிகளில் சிறந்த 10 முடிவுகளைத்தான் கூட்டுவார்கள். போட்டிகளுக்குப் படிநிலை உண்டு. மேல் படியான சூப்பர் 1000 பட்டத்துக்கு 12,000 புள்ளி, சூப்பர் 300 பட்டத்துக்கு 7,000, அதற்குக் கீழே உள்ள இன்டர்நேஷனல் சேலஞ்ச் பட்டத்துக்கு 4,000.

இந்த அமைப்பின் விளைவைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. சூப்பர் 1000 போட்டியில் ஒரே ஒரு ஆட்டம் வென்று இரண்டாம் சுற்றில் தோற்றால்கூட 4,800 புள்ளி. ஐந்தாறு நாள் ஆடி ஒரு இன்டர்நேஷனல் சேலஞ்சை வெல்வதைவிட இது அதிகம்.

2. ஆனால் அந்தப் பெரிய போட்டிக்குள் நுழையவே மேல் தரவரிசை வேண்டும். ஒற்றையரில் 32 பேருக்குத்தான் இடம்.

3. மேலே ஏறியவர்கள் அங்கேயே நிற்க முடியும், கீழே இருப்பவர்களுக்கு ஏறுவது கடினம். 52 வாரம் முடிந்ததும் பழைய புள்ளி கழன்றுவிடும், அதை மறுபடி சம்பாதிக்க வேண்டும்.

4. சூப்பர் 1000ல் பர்மிங்ஹாமின் ஆல் இங்கிலாந்து போட்டி தவிர மற்ற மூன்றும் மலேசியா, இந்தோனேசியா, சீனா. ஐரோப்பிய வீராங்கனைக்குப் பெரிய புள்ளி இருக்கும் இடம் பெரும்பாலும் நீண்ட விமானப் பயணத்துக்கு அப்பால் இருக்கிறது.

கில்மோர் முதல் 20க்குள் வந்து போனவர், நீண்ட காலம் அதை ஒட்டியே நின்றவர். முதல் சுற்றிலேயே உலகின் முதல் ஐந்து பேரில் ஒருவரைச் சந்திக்க வேண்டிய இடம் அது. முதல் எட்டு பேருக்குத்தான் சீடிங், அதாவது தொடக்கத்திலேயே ஒருவரோடு ஒருவர் மோதாதபடி பிரித்து வைப்பது. மற்றவர்கள் குலுக்கலில் எங்கே விழுந்தாலும் ஆட வேண்டியதுதான்.

ஒலிம்பிக் குழுச் சுற்று

ஒலிம்பிக்கில் இன்னும் கடுமை. ஒற்றையரில் பெரும்பாலும் மூன்று பேர் கொண்ட குழு. குழுவுக்கு ஒரு சீடட் வீராங்கனை. முதலிடம் பிடிப்பவர் மட்டுமே மேலே போவார். இரண்டாம் இடத்துக்கு எதுவும் இல்லை. ஒரே ஒரு தோல்வியே பெரும்பாலும் ஒலிம்பிக்கை முடித்துவிடும்.

ரியோவில் பல்கேரியாவின் லிண்டா ஸெட்சிரியிடம் தோற்றது கில்மோரைக் குழுவோடு நிறுத்தியது. 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பாகிஸ்தானின் மஹூர் ஷாஜாதை வென்றார், ஆனால் அதே குழுவில் இருந்தவர் ஜப்பானின் அகானே யமகுச்சி. ஐந்து வருட உழைப்பு இரண்டு ஆட்டத்தில் முடிந்தது. அந்த வருடக் கடைசியிலேயே யமகுச்சி உலக சாம்பியனும் ஆனார்.

பணம் நின்ற வருடம்

கில்மோரின் கதையில் எனக்கு மிகவும் வலிக்கிற பகுதி இது.

பிரிட்டனில் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்குப் பணம் தருவது யுகே ஸ்போர்ட் என்ற பொது அமைப்பு. அரசுப் பணமும் தேசிய லாட்டரிப் பணமும் அதன் வழியாகப் போகிறது. பதக்க வாய்ப்பு எங்கே அதிகமோ அங்கே பணம் என்பதுதான் அடிப்படைக் கொள்கை. ரியோவுக்கு முந்தைய நான்கு வருடங்களில் பேட்மிண்டனுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 57 லட்சம் பவுண்டு. ரியோவில் ஆண்கள் இரட்டையரில் கிறிஸ் லாங்கிரிட்ஜும் மார்கஸ் எல்லிஸும் வெண்கலம் வென்றார்கள். கொடுத்த இலக்கு எட்டப்பட்டது.

2016 டிசம்பரில் அடுத்த நான்கு வருடங்களுக்கான தொகையை அறிவித்தபோது பேட்மிண்டனுக்கு ஒதுக்கியது பூஜ்யம். பதக்கம் வந்த பிறகும். மேல்முறையீடும் எடுபடவில்லை.

தேதிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 2016 டிசம்பரில் பணம் போகிறது. 2017 ஏப்ரலில் கோல்டிங்கில் கில்மோர் ஐரோப்பிய வெள்ளி. ஆகஸ்டில் உலக சாம்பியன்ஷிப் கால் இறுதி. 2018 ஏப்ரலில் காமன்வெல்த் வெண்கலம். அவருடைய மிக நல்ல காலமும் பிரிட்டிஷ் பேட்மிண்டனின் மிக வறண்ட காலமும் ஒன்றாக வந்தன. ஸ்காட்லாந்தில் ஸ்போர்ட்ஸ்காட்லாந்து என்ற தனி அமைப்பு இருப்பதும், கிளாஸ்கோ ஸ்காட்ஸ்டனில் தேசியப் பயிற்சி மையம் இருப்பதும் பெரிய ஆறுதல். ஆனால் ஆசியா முழுக்கச் சுற்றி ஆட வேண்டிய ஒரு விளையாட்டில், பயிற்சியாளரையும் உடலியக்க நிபுணரையும் கூட்டிக்கொண்டு போகும் வசதி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் மூன்றாவது கேமில் வித்தியாசம் தெரியும்.

ஸ்காட்ஸ்டன் மையத்துக்கு இப்போது சர் கிரெய்க் ரீடியின் பெயர். ஸ்காட்லாந்துக்காரர், சர்வதேச பேட்மிண்டன் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். 1992 பார்சிலோனாவில் பேட்மிண்டன் முழு ஒலிம்பிக் விளையாட்டாக நுழைந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த விளையாட்டுக்கு ஒலிம்பிக்கில் இடம் வாங்கித் தந்தவரின் பெயரில் மையம் இருக்கும் ஊர் கிளாஸ்கோ.

அப்படியானால் 2026ல் ஏன் இல்லை?

1. 2026 போட்டியை நடத்த ஒப்புக்கொண்டது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். செலவு எகிறுகிறது என்று 2023 ஜூலையில் அது விலகியது. அதற்காக 38 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கொடுத்தது.

2. வேறு யாரும் முன்வராத நிலையில் கிளாஸ்கோ கை கொடுத்தது. பொதுப்பணத்தைப் பெரிதாகத் தொடாமல், இருக்கிற அரங்கங்களை மட்டும் வைத்து நடத்துவது என்பது நிபந்தனை.

3. அதனால் எட்டு மைல் தூரத்துக்குள் நான்கு இடங்கள்: ஸ்காட்ஸ்டன் மைதானம், டோல்கிராஸ் நீச்சல் மையம், எமிரேட்ஸ் அரங்கும் அதை ஒட்டிய சைக்கிள் ஓடுதளமும், ஆற்றங்கரைக் கண்காட்சி வளாகம். 2014ல் 17 விளையாட்டுகள் நடந்த நகரத்தில் இம்முறை 10.

4. பேட்மிண்டன் 1966 கிங்ஸ்டன் போட்டியிலிருந்து எல்லா காமன்வெல்த்திலும் இருந்தது. ஆனால் 2021ல் விதி தளர்ந்து, தடகளமும் நீச்சலும் மட்டுமே கட்டாயம் என்று ஆனது. மற்றவற்றை நடத்தும் நகரம் தேர்ந்தெடுக்கலாம். பேட்மிண்டனுக்கு இருந்த பாதுகாப்பு போய்விட்டது.

நடத்தவே ஆள் இல்லாத நிலையில் கிளாஸ்கோ ஏற்றுக்கொண்டதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் எமிரேட்ஸ் அரங்கு பட்டியலில் இருந்தும், அதில் பேட்மிண்டன் இல்லை என்பதை ஏற்க முடியவில்லை. இடம் இருக்கிறது, பயிற்சி மையம் இருக்கிறது, உலக சாம்பியன்ஷிப்பையே நடத்திய அனுபவம் இருக்கிறது, அங்கே வெள்ளி வாங்கிய வீராங்கனையும் இருக்கிறார்.

இந்தியா, மலேசியா மாதிரி நாடுகளுக்கு இந்த இழப்பால் பதக்கக் கணக்கு குறையும். சிந்து 2022ல் வென்ற தங்கத்தை யாரும் காக்கவும் முடியாது, பறிக்கவும் முடியாது. ஆனால் அந்த நாடுகளின் ஆட்டக்காரர்களுக்கு ஒலிம்பிக்கிலும் தங்கள் சொந்தக் கொடி உண்டு. ஸ்காட்லாந்தின் அடுத்த தலைமுறைக்கு அது கிடையாது. 2014ல் கில்மோரைத் தொலைக்காட்சியில் பார்த்து ராக்கெட்டைக் கையில் எடுத்த சிறுமிக்கு, ஸ்காட்லாந்தின் நீலச் சட்டையில், பல விளையாட்டுகள் கூடும் பெரிய மேடையில் ஆடும் வாய்ப்பு இந்த ஒரு இடத்தில்தான் இருந்தது.

2030 போட்டியை அகமதாபாத்துக்குக் கொடுக்க 2025 நவம்பரில் கிளாஸ்கோவில் கூடிய காமன்வெல்த் விளையாட்டு அமைப்பின் பொதுச்சபை முடிவு செய்தது. அங்கே 15 முதல் 17 விளையாட்டுகள் இருக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். 2030 செப்டம்பரில் கில்மோருக்கு 37 வயது நிறையும்.